பாதி புதுப்பித்த வீடு வாங்குகிறீர்களா? சுவருக்குள் இருக்கும் வயரையும் பைப்பையும் முதலில் பாருங்கள்

பழைய தெரஸ் வீடுகளின் விற்பனை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘புதுப்பித்த வீடு’. போய்ப் பார்த்தால் சமையலறை பின்பக்கம் நீட்டப்பட்டிருக்கும். வரவேற்பறையில் புது டைல், பிளாஸ்டர் சிலிங், அதில் வரிசையாக விளக்குகள். கீழ்மாடிக் குளியலறை பளபளவென்று இருக்கும். மாடிக்கு ஏறினால் 1980களின் சுவிட்சுகளும் பழைய குளியலறையும் அப்படியே இருக்கும். மாடியை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

இதில் ஏமாற்று வேலை இருக்க வேண்டும் என்பதில்லை. கையில் காசு இருந்தபோது கொஞ்சம், பிள்ளை கல்யாணத்துக்கு முன் கொஞ்சம் என்று செய்த வீடுகள்தான் இவை. ஆனால் வாங்குபவருக்கு முழுக்கப் பழைய வீட்டைவிடப் பாதி புதுப்பித்த வீட்டில் சிக்கல் அதிகம். பழைய வீடு தன் வயதை வெளியில் காட்டும். பாதி புதுப்பித்த வீடு மறைக்கும். புது டைலுக்குப் பின்னால் 40 ஆண்டுப் பழைய இரும்புக் குழாய் இருக்கலாம். புது மின்பெட்டிக்குள் பழைய வயர் நுழைந்திருக்கலாம். பழையதும் புதியதும் சேரும் அந்த இணைப்பில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

வீடு வாங்கும்போது வேறு யாராவது இதைப் பார்ப்பார்களா? வழக்கறிஞர் நிலப்பட்டாவைப் பார்ப்பார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சந்தை விலையைப் பார்ப்பார். வயரையும் பைப்பையும் பார்ப்பது இவர்கள் இருவரின் வேலையும் அல்ல. மேம்பாட்டு நிறுவனத்திடம் புது வீடு வாங்கினால் சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் குறைகளைச் சரிசெய்து தரும் கடமை அந்த நிறுவனத்துக்கு உண்டு. ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டால், அடுத்த மாதம் குழாய் வெடித்தாலும் செலவு உங்களுடையதுதான்.

தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்து பட்டணத்தில் முதல் வீடு வாங்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அங்கே தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் ஆபீசில் சொன்னால் ஆள் வருவார். சொந்த வீட்டில் அந்த ஆபீசும் நாம்தான். ஊழியர் சேமநிதியில் எடுத்த பணமும் 30, 35 ஆண்டு வங்கிக் கடனும் போகும் இடம் இது. ஒரு நாள் செலவழித்துச் சோதிப்பதில் தவறில்லை.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

வீட்டைச் சுற்றிக் காட்டுபவரிடம் “என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் டைல் விலையிலிருந்து கேபினட் விலைவரை பட்டியல் வரும். “எதை எல்லாம் தொடவில்லை?” என்று கேளுங்கள். வயர் முழுவதும் மாற்றியதா, சமையலறையில் மட்டுமா? தண்ணீர்க் குழாய் மீட்டரிலிருந்தே மாற்றியதா, குளியலறைச் சுவரில் மட்டுமா? கழிவுக் குழாய் பழைய இடத்திலேயே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் வரும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காகிதங்கள். சமையலறையை நீட்டியதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சார வேலைக்கு இரண்டு பாரங்கள் முக்கியம். வேலையை மேற்பார்வையிட்டு முடித்ததற்கான சான்று பாரம் ஜி. சோதனை செய்ததற்கான சான்று பாரம் எச். பதிவு பெற்றவர்கள் செய்த வேலைக்கு இவை இருக்க வேண்டும். முழு வயரிங்கும் மாற்றியதாகச் சொல்லிவிட்டு ஒரு பாரமும் காட்ட முடியாவிட்டால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்பதே பாதுகாப்பு.

மின்சாரம்: பெட்டியின் புதுமையில் மயங்க வேண்டாம்

மீட்டரிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வீட்டுக்குள் இருக்கும் டிபி பெட்டிக்கு வாருங்கள். பீங்கான் பியூஸ் வைத்த பழைய பலகை இன்னும் இருந்தால் விஷயம் எளிது. முழுக்க மாற்ற வேண்டும் என்று கணக்கில் போட்டுக்கொள்ளலாம். புது பிளாஸ்டிக் பெட்டியில் எம்சிபி சுவிட்சுகள் வரிசையாக இருந்தால்தான் கவனம் தேவை. பெட்டியை மட்டும் மாற்றுவது சில மணி நேர வேலை. சுவருக்குள் ஓடும் வயரை மாற்றுவது பல நாள் வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததுபோல் விற்பது எளிது.

பெட்டியின் மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. வெளியிலிருந்து தெரிவதே நிறையச் சொல்லும். ஒவ்வொரு எம்சிபியின் மேலும் ஓர் எண் இருக்கும். விளக்குகளுக்குப் பொதுவாக 6 அல்லது 10 ஆம்பியர். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும், பிளக் சாக்கெட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வழக்கம். அந்த 2.5 வயருக்கு 20 ஆம்பியர் எம்சிபி சரி. பெட்டியிலிருந்து புறப்பட்டு எல்லா சாக்கெட்டையும் சுற்றி மறுபடியும் பெட்டிக்கே திரும்பும் ரிங் இணைப்பாக இருந்தால் மட்டும் 32 ஆம்பியர் போடலாம்.

பாதி புதுப்பித்த வீடுகளில் நடப்பது இதுதான். ஏர்கோனும் அவனும் சேர்ந்த பிறகு 20 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழும். வீட்டுக்காரர் புகார் சொல்வார். வேலைக்கு வந்தவர் 32 ஆம்பியர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அதன்பிறகு விழாது, வீட்டிலும் மகிழ்ச்சி. ஆனால் எம்சிபியின் வேலை வயரைக் காப்பது. வயர் தாங்கும் அளவைவிடப் பெரிய எம்சிபியைப் போட்டால், அது விழுவதற்கு முன் வயர் சூடாகி உருகும். சுவருக்குள், மர உத்தரத்துக்கு மேல், யார் கண்ணிலும் படாமல் இது நடக்கும். ‘முன்பு அடிக்கடி டிரிப் ஆகும், இப்போது ஆவதில்லை’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தி, என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, ‘டி’ என்ற சோதனைப் பொத்தான் உள்ள ஆர்சிசிபி. நம் வீடுகளில் பலர் இதை இன்னும் ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். மின்சாரம் உடல் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ கசிந்தால் உடனே துண்டிப்பது இதுதான். இதன்மேல் மில்லிஆம்பியரில் ஓர் எண் இருக்கும். குளியலறை ஹீட்டர் போன்ற ஈரமான இடத்துச் சாதனங்களுக்கு 10, கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்கள் இணையும் சாக்கெட்டுகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100 என்பது நம் நாட்டு விதியின் அளவு. பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் ஒரே ஒரு 100 மில்லிஆம்பியர் மட்டும் இருப்பதைக் காணலாம். அந்த அளவுக் கசிவு உடல் வழியே போனால் உயிரைப் பறிக்கும். புதுக் குளியலறையில் புது ஹீட்டர் மாட்டி, அதைப் பழைய 100 மில்லிஆம்பியர் பாதுகாப்பிலேயே விட்டிருந்தால், அந்தக் குளியலறையைப் புதுப்பித்ததாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்காரரின் அனுமதியோடு ‘டி’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் கருவி வேலை செய்யவில்லை. விழுந்தாலும் நிம்மதி பாதிதான். அந்தப் பொத்தான் கருவிக்குள் இருக்கும் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது. வீட்டின் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் சாதாரண வீடுகளுக்கு எர்த் பாதுகாப்பு என்பது அந்தந்த வீட்டு மண்ணில் இறக்கியிருக்கும் செம்புக் கம்பியைப் பொறுத்தது. பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு கட்டியிருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் ஓடியதால் அதுவே எர்த்தாக வேலை செய்தது. பின்னாளில் ஒரு குத்தகையாளர் வந்து, துருப்பிடித்த குழாயை வெட்டி நடுவில் இரண்டு அடி பிளாஸ்டிக் குழாய் பொருத்துகிறார். தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனால் அந்த நிமிடமே வீட்டின் எர்த் அறுந்துபோகிறது. குழாய்க்காரருக்கு மின்சாரம் தெரியாது. மின்சாரக்காரரை யாரும் கூப்பிடவில்லை. சாதனத்தின் இரும்பு உடலில் மின்சாரம் பாய்ந்தால் மண்ணுக்குப் போக வழியில்லாமல், தொடுபவருக்காகக் காத்திருக்கும். அதனால் வீட்டுக்கு வெளியே, மீட்டர் பக்கத்துச் சுவரோரம் பச்சை வயர் இறங்கி மண்ணில் ஒரு கம்பியில் முடிகிறதா என்று பாருங்கள். கார் நிறுத்துமிடத்துக்கு சிமெண்ட் போட்டபோது அதை மூடியிருப்பார்கள், அல்லது வெட்டியே எறிந்திருப்பார்கள். கம்பி கண்ணில் பட்டாலும் அதன் தரத்தை வயர்மேன் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் சிறிய சோதனை பிளக் ஒன்று ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். விலை அதிகமில்லை. வயர் மாறி இணைத்திருந்தாலோ எர்த் இல்லாவிட்டாலோ அதன் விளக்குகள் காட்டும். எல்லா அறையிலும், குறிப்பாகப் புது சுவருக்கும் பழைய சுவருக்கும் இடையில் இருக்கும் சாக்கெட்டுகளில் செருகிப் பாருங்கள். ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தபின் அதன் சுவிட்ச் தட்டின்மேல் உலர்ந்த புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது. சாக்கெட் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருந்தாலும் அதே பொருள்தான்.

சிலிங்கில் ஏறிப் பார்க்கும் துவாரம் இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். வயர்களை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், எலி கடித்த இடங்கள், பழைய வயரும் புது வயரும் சந்திக்கும் முடிச்சுகள் தெரியும். இணைப்பு என்றால் அது மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய வீடுகள் சிலவற்றில் சிலிங் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அழகுக்காகப் புது பிளாஸ்டர் சிலிங்கை அதன் அடியிலேயே தொங்கவிட்டிருக்கலாம். துளையிடவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

மொத்தச் சுமையையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பழைய சிங்கிள் பேஸ் இணைப்பில் மெயின் சுவிட்ச் 60 ஆம்பியர் என்றால், 230 வோல்ட்டில் அது தரக்கூடியது சுமார் 13.8 கிலோவாட். குளியலறைக்கு ஒன்றாக 3.6 கிலோவாட் ஹீட்டர் இரண்டு ஓடினால் 7.2 போய்விடும். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் மூன்று ஓடினால் மேலும் இரண்டரை, மூன்று. கெட்டில் 2, அயர்ன் 1, அவன் 2.5. எல்லாம் சேர்ந்தால் வரம்பைத் தாண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் மாலை ஏழு மணிக்கு, எல்லாரும் வேலை விட்டு வந்து குளிக்கும் நேரத்தில், நம் வீடுகளில் கிட்டத்தட்ட ஓடும். த்ரீ பேஸுக்கு மாற்றுவதென்றால் பதிவு பெற்ற மின்சாரக் குத்தகையாளர் வழியாகத் தெனாகா நேஷனலிடம் விண்ணப்பிக்க வேண்டும். செலவு ஆயிரங்களில் போகும். அதை வீட்டு விலை பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள்.

இந்த இடத்தில் நம் கோயில் மண்டபங்களையும் சங்கக் கட்டடங்களையும் சொல்லாமல் விட முடியாது. அவையும் பாதி பாதியாகப் புதுப்பிக்கப்பட்டவைதான். விசிறிக்கு உபயம், ஏர்கோனுக்கு உபயம், ஒலிபெருக்கிக்கு உபயம் என்று பெயர் எழுதி ஒவ்வொன்றாகச் சேரும். வயரிங்குக்கும் டிபி பெட்டிக்கும் உபயதாரர் கிடைப்பதில்லை. அதில் பெயர் எழுத இடமும் இல்லை. கல்யாண நாளில் விழும் மெயின் சுவிட்சுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நிர்வாகக் குழுவினர் அடுத்த ஏர்கோனை வாங்குமுன் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மொத்தச் சுமையை அளந்து எழுதி வாங்குவது நல்லது.

தண்ணீர்: பழைய குழாயும் புது பம்பும்

பழைய வீடுகளில் ஓடுவது ஜிஐ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். துளை சுருங்கிக்கொண்டே வரும். வெளியில் நல்ல குழாயாகத் தெரியும். வெட்டிப் பார்த்தால் விரல்கூட நுழையாது. காலையில் முதலில் திறக்கும் குழாயில் சிறிது நேரம் பழுப்புத் தண்ணீர் வந்து பிறகு தெளிந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வீடு பார்க்க வரும் நேரத்துக்கு முன்பே வீட்டுக்காரர் குழாய்களைத் திறந்துவிட்டிருப்பார் என்பதால், முடிந்தால் காலையிலேயே போங்கள்.

ஒரு பத்து லிட்டர் வாளியும் கைத்தொலைபேசியும் போதும். புதுச் சமையலறைக் குழாயில் வாளி நிறைய எத்தனை நொடி, மாடிக் குளியலறையில் எத்தனை நொடி என்று பாருங்கள். பின்னர் இரண்டு குழாயையும் ஒன்றாகத் திறந்து மறுபடியும் பாருங்கள். ஒன்றைத் திறந்தால் நன்றாக வந்து, இரண்டைத் திறந்தால் நூலாக ஒழுகினால், வழியில் எங்கோ பழைய குழாய் அடைத்திருக்கிறது. சமையலறைக் குழாய் பெரும்பாலும் மெயின் குழாயிலிருந்து நேராக வருவது, மற்றவை கூரைத் தொட்டியிலிருந்து வருபவை என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. பல மடங்கு வித்தியாசம் இயல்பல்ல.

தண்ணீர் வரத்து குறைந்ததும் நம்மவர்கள் முதலில் வாங்குவது பம்ப். இதில்தான் பெரிய ஆபத்து. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 1 பார். கூரைத் தொட்டி குளியலறைக் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் அந்தக் குழாய் அனுபவித்த அழுத்தம் வெறும் 0.3 பார். 30 ஆண்டுகள் அந்த மெல்லிய அழுத்தத்திலேயே இருந்து துருவால் மெலிந்த குழாய்க்குள், வீட்டு பம்ப் திடீரென்று 2 பார் அழுத்தத்தைச் செலுத்தினால் என்ன ஆகும்? இணைப்புகள் கசியும். அதுவும் புது டைல் ஒட்டிய சுவருக்குள்ளேயே கசியும். பம்ப் பொருத்திய வீடென்றால், தொட்டிக்குப் பிறகு உள்ள குழாய்கள் முழுவதும் மாற்றப்பட்டனவா என்பதை உறுதிசெய்யாமல் விடாதீர்கள். யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பம்ப் தானாக அடிக்கடி ஓடி நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது. மெயின் குழாயிலிருந்து நேராக உறிஞ்சும் பம்ப் என்றால் அது அனுமதிக்கப்படாத வேலை. அண்டை வீட்டுத் தண்ணீரை இழுப்பதோடு, குழாயில் வெடிப்பு இருந்தால் மண்ணிலுள்ள அழுக்கையும் உள்ளே இழுக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க மீட்டரே போதும். எல்லாக் குழாயையும் மூடுங்கள். தொட்டி நிறைந்து மிதவை வால்வு மூடும்வரை காத்திருங்கள். பிறகு மீட்டரில் இருக்கும் சிறு சக்கரம் அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால், தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடியும் பாருங்கள். அப்போதும் அசைந்தால் கசிவு மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையில். நின்றுவிட்டால் தொட்டியிலோ அதற்குப் பிறகோ. கழிப்பறைத் தொட்டியின் ரப்பர் தேய்ந்து ஒழுகுவதும் இதே போல் காட்டும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். அது சின்னச் செலவு.

கூரைத் தொட்டியை மறக்கக் கூடாது. 200 கேலன் தொட்டி நிறைந்தால் சுமார் 900 கிலோ எடை. பழைய தொட்டி இருந்த இடத்தில் பெரிய தொட்டியை வைத்து, கீழே உள்ள மரச் சட்டத்தைத் தொடாமல் விட்டிருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். அந்தத் தொட்டியின் மிகைநீர்க் குழாய் வீட்டுக்கு வெளியே தெரியும்படி வர வேண்டும். மிதவை வால்வு கெட்டால் முதல் அறிகுறி அதில்தான் சொட்டும். புது சிலிங் போட்டபோது அதை உள்ளேயே விட்டிருந்தால், வால்வு கெட்டது சிலிங் இடிந்து விழும்போதுதான் தெரியவரும்.

வெந்நீர்க் குழாய் பற்றி ஒரு சொல். குளிர்ந்த நீருக்குப் போடும் யுபிவிசி குழாய் 60 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கிவிடும். கூரையில் சோலார் ஹீட்டர் அல்லது சேமிப்புத் தொட்டி ஹீட்டர் இருந்தால் வெந்நீர் ஓடும் குழாய் செம்பாகவோ பிபிஆர் ஆகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். சோலார் ஹீட்டரைப் பிறகு சேர்த்த வீடுகளில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கழிவுநீர்: நீட்டிய சமையலறைக்கு அடியில் என்ன?

பின்பக்கம் நீட்டிய வீடுகளில் என் முதல் கேள்வி எப்போதும் மேன்ஹோல் எங்கே என்பதுதான். தெரஸ் வீடுகள் பலவற்றில் கழிவுநீர் மேன்ஹோல் பின்பக்க முற்றத்தில்தான் இருக்கும். சமையலறையை நீட்டும்போது அதன்மேல் டைல் ஒட்டிவிடுவார்கள். அடைப்பு வரும் நாளில் புதுச் சமையலறைத் தரையை உடைப்பதைத் தவிர வழியிருக்காது. மூடியைத் திறக்கும்படி டைல் பதித்த மூடியாக அமைத்திருந்தால் நல்ல குத்தகையாளர் வேலை செய்திருக்கிறார் என்று மதிக்கலாம். மூடியே இல்லை, எங்கே இருந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேட்க அது ஒன்றே போதும். சொந்தக் கழிவுத் தொட்டி உள்ள பழைய வீடென்றால், தொட்டியின் மூடி திறக்கும் நிலையில் இருக்கிறதா, கடைசியாக எப்போது சேறு அள்ளினார்கள் என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அள்ள வேண்டும் என்பது இண்டா வாட்டரின் அறிவுரை.

குளியலறையை இடம் மாற்றியிருந்தால் தரை உயரத்தைப் பாருங்கள். கழிவுக் குழாய் சரிவாக ஓட வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு என்றால் 3 மீட்டர் தூரத்துக்கு 75 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும், அதாவது மூன்று அங்குலம். அதனால்தான் பின்னால் சேர்த்த குளியலறைகளில் ஒரு படி ஏறிப் போக வேண்டியிருக்கும். படியும் இல்லை, மேன்ஹோல் தூரம், தரை மட்டமாக இருக்கிறது என்றால் சரிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மாடிக் கழிப்பறையில் தண்ணீர் அடித்துவிட்டு ஒருவர் கீழ்மாடித் தரைத் துளையைப் பார்க்கட்டும். குமிழி வந்தாலோ தண்ணீர் மேலேறினாலோ கீழே குழாயில் அடைப்பு உண்டு. அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம். தரைப் பொறியில் நின்ற நீர் வற்றியிருக்கலாம். ஒரு வாளி ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். அப்போதும் நாற்றம் என்றால்தான் விசாரிக்க வேண்டும்.

மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கூரை நீரெல்லாம் அதில் இறங்கி, கனமழை நாளில் கழிப்பறை வழியாக மேலே வரும். அது விதிக்குப் புறம்பானதும்கூட. வீட்டை ஒருமுறை நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பது இதற்காகவும்தான்.

மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள சிலிங்கில் புதிதாக ஒரு பகுதிக்கு மட்டும் சாயம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டுவது இப்போது பரவலான வழக்கம். செலவு குறைவு, ஆனால் அடியில் உள்ள நீர்த்தடுப்பு பழையதே. தரைத் துளையை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திக் கீழே பார்ப்பதுதான் உண்மையான சோதனை. விற்பவர் சம்மதிப்பது அரிது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. மறுக்கும் விதத்திலிருந்தே சில விஷயம் புரியும்.

ஏர்கோனும் காற்றும்

ஏர்கோனில் பார்க்க வேண்டியது பழைய செம்புக் குழாயோடு புது இயந்திரத்தைச் சேர்த்தார்களா என்பது. பழையவை ஆர் 22 வாயுவில் ஓடியவை. இன்று வருபவை பெரும்பாலும் ஆர் 32. அழுத்தம் கணிசமாகக் கூடுதல். பழைய குழாயில் தங்கிய எண்ணெயும் ஒத்துப்போகாது. சுவருக்குள் புதைத்த குழாய் என்றால் மாற்றும் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏர்கோனுக்குத் தனி எம்சிபி வேண்டும். பக்கத்து சாக்கெட்டிலிருந்து இழுத்திருக்கக் கூடாது.

சமையலறையை நீட்டியதால் ஜன்னலை இழந்த நடு அறை பல வீடுகளில் உண்டு. கட்டட விதிப்படி அறையின் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு அளவுக்கு ஜன்னல் இருக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 5 விழுக்காடு, காற்று வரத் திறக்க வேண்டும். ஜன்னல் போன அறையில் பூஞ்சை படியும். சாயம் அடித்து மறைத்தாலும் அலமாரிக்குப் பின்னால் வாசம் காட்டிக்கொடுக்கும்.

யாரை அழைப்பது, எப்போது அழைப்பது

மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன். அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் கோபிக்க மாட்டார். அவர் 500 வோல்ட் கருவியால் வயர்களின் காப்புத் தன்மையை அளப்பார். ஒவ்வோர் இணைப்பும் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். பழைய வயரில் காப்பு மக்கியிருந்தால் இந்த எண் விழுந்துவிடும். கண்ணால் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வதும் இந்தச் சோதனையும் ஒன்றல்ல. எண்களை எழுதி வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்க்கு ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்ற பிளம்பர் இருக்கிறார். சோதிப்பவரும் மாற்றித் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால் குறை கூடுதலாகவே தெரியும். சோதனைக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டு, வேலைக்கு வேறு இருவரிடம் விலை கேட்பது நல்லது. உறவுக்காரர் என்பதற்காக ஒருவரைக் கூப்பிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். உறவு இருக்கட்டும், அட்டையும் இருக்கட்டும்.

இவை எல்லாம் முன்பணம் கட்டுவதற்கு முன் நடக்க வேண்டும். முகவர் அவசரப்படுத்தினால், சோதனை முடிந்த பிறகே கட்டுப்படும் என்ற ஒரு வரியைச் சலுகைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். சோதனையில் வந்ததை மூன்றாகப் பிரியுங்கள். எர்த் இல்லாதது, ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் பாதுகாப்பு இல்லாதது, வயருக்குப் பொருந்தாத எம்சிபி ஆகியவை குடிபோகுமுன் முடிய வேண்டியவை. இரும்புக் குழாய் மாற்றுதல், மேன்ஹோலைத் திறப்பது, பழைய வயரை இழுத்தெடுப்பது ஆகியவை சுவரை உடைப்பவை. சாயம் அடித்து, கேபினட் போடுமுன் இவற்றைச் செய்யாவிட்டால் இரண்டு முறை செலவாகும். மற்றவை மாதச் சம்பளத்தில் மெல்லச் செய்யலாம். இரண்டாவது வகைக்கான மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, விலை பேசும் மேசையில் வையுங்கள். ‘வீடு பழசு, குறைத்துக் கொடுங்கள்’ என்பதைவிட அந்த ஒரு தாளுக்கு மரியாதை அதிகம்.

வீட்டை வாங்கி நீங்களே மீதிப் பாதியைப் புதுப்பிக்கும்போது, சுவரைப் பூசுவதற்கு முந்தின நாள், வயரும் குழாயும் ஓடும் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் ஜி, பாரம் எச், பம்ப் ரசீது, மேன்ஹோல் இருக்கும் இடத்தின் வரைபடம் எல்லாவற்றையும் பட்டாவோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பின்னாளில் வீட்டை நீங்கள் விற்கும்போது, வாங்க வருபவர் கேட்கப்போகும் முதல் காகிதங்கள் அவைதான்.